பின்னறை ரேடியேட்டர்

1

இந்த வாரம் என் மகள் மல்லிகாவுக்கு எட்டு வயது முடிகிறது. வரும் கோடையில் அவளைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய் உறவுக்காரர்களிடம் காட்டுவது என்று தீர்மானம். மூன்று வருடமாக இதே தீர்மானம்தான். இந்தத் தடவை வாயால் சொல்வதோடு நிற்காமல் தபால் நிலையத்தில் பாஸ்போர்ட் படிவமும் வாங்கிவந்துவிட்டேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து தேடத் தெரியாது. வீடு முழுக்க நடந்துகொண்டேதான் தேடுவேன். மேசை இழுப்பறை, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி, கோட்டுப் பைகள், மறுபடியும் மேசை இழுப்பறை. கடைசியில் என் மனைவி சரோஜாவின் துணி அலமாரி மேல் இருந்த பிஸ்கட் டின்னில் சான்றிதழ் கிடைத்தது. அதற்கடியில் இன்னொன்றும் கிடைத்தது. பிறந்த குழந்தைகளின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. 'பேபி ஏகாம்பரம்' என்று மங்கிப்போன எழுத்து. அந்தப் பட்டையோடு சேர்த்து, சிவப்புப் பட்டு நூலால் இறுகச் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு பித்தளைச் சாவி.

அந்தச் சாவியைத்தான் நான் எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். யார் எடுத்திருப்பார்கள் என்று சந்தேகம் உண்டு. கேட்டால் "எனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சரோஜா ரசத்தைக் கலக்குவாள். அதே மாதிரிச் சாவி எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். நான் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை எழுந்து போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டும் வந்தாயிற்று.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ரேடியேட்டர் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளும் மூச்சு விட்டால் புகை வரும். அதற்காகச் சமையலறையில் ஒரு பாய்லர். அதில் சூடாகும் தண்ணீரை ஒரு பம்ப் குழாய் வழியாக அறை அறையாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் ஒரு தட்டை இரும்புப் பெட்டி. அதுதான் ரேடியேட்டர். தண்ணீர் அதற்குள் புகுந்து, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் பாய்லருக்கே திரும்புகிறது. பிறகு மறுபடியும் சூடாகி மறுபடியும் சுற்றுகிறது. குறைகிற துளி தண்ணீரைக் கூரைக்கடியில் இருக்கும் சின்னத் தொட்டி நிரப்பிக்கொள்ளும். எல்லாத் தண்ணீரையும் வெளியே விட வேண்டுமென்றால் பின்கதவருகே பிடியில்லாத ஒரு குழாய் இருக்கிறது. அதைத் திறக்கிற சாவிதான் நான் சொன்ன பித்தளைச் சாவி.

இதையெல்லாம் படம் போட்டு அண்ணனுக்கு எழுதினேன். அண்ணன் தணிகாசலம் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுச் சாயக் கொட்டகையை நடத்துகிறவர். அவர் கடிதம் எழுதினால் எதிரில் நின்று பேசுவது மாதிரியே இருக்கும். "தம்பி, வூட்டுக்குள்ள சுடுதண்ணி ஓடுதுன்னு எழுதியிருக்கிற. அதுல குளிக்கலாமா? குடிக்கலாமா? ரெண்டும் இல்லன்னா அது எதுக்குபா ராவும் பகலும் வெந்துக்கினு இருக்குது?" நல்ல கேள்வி. பதிலுக்கு மழையைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

ரேடியேட்டருக்கு வருகிற வியாதிகளை இன்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. மேல் மூலையில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்து, சீறல் நின்று தண்ணீர் எட்டிப்பார்க்கிற வரை காற்றை வெளியே விட வேண்டும். மேலே சூடு, கீழே சில் என்றால் அடியில் துருச்சேறு படிந்திருக்கிறது. கழற்றித்தான் கழுவ வேண்டும். முழுக்கச் சில்லென்று இருந்தால் வால்வு மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் சூட்டையெல்லாம் தாங்களே இழுத்துக்கொண்டிருக்கும். பந்தியில் முன்வரிசைக்கே வடை தீர்ந்துபோகிற கதைதான். பக்கத்தில் இருப்பவற்றின் வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் கடைசி அறைக்கும் வந்து சேரும்.

அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருந்ததுகூடப் பரவாயில்லை. வேறொன்று மிக நன்றாகத் தெரிந்திருந்தது. வினை அங்கேதான் இருந்தது.

3

சாயம் தோய்த்த பட்டு நூலை அலச வேண்டும். முதல் அலசலில் தண்ணீர் ரத்தமாக ஓடும், இரண்டாவதில் கொஞ்சம் வெளுக்கும், நாலாவது ஐந்தாவதில் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே தெளிந்து ஓடும். ஒட்டாத சாயம் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன் கையை எடுக்கக் கூடாது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒருநாள் எடுத்துவிட்டேன். சினிமாவுக்கு நேரமாகிவிட்டது. மூன்றாவது அலசலோடு அரக்குச் சிவப்பு நூலைப் பிழிந்து உலர்த்திவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அந்த நூல் தறிக்குப் போய், புடவையாகி, திருப்புட்குழியில் ஒரு கல்யாணப் பெண்ணின் உடம்பில் ஏறியது. முகூர்த்தத்தன்று மழை. கரையின் அரக்கு இறங்கி, புடவையின் சந்தன நிற உடல் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பரவிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று முணுமுணுத்தார்களாம். பெண்ணின் தாய்மாமன் புடவையோடு கொட்டகைக்கு வந்தார்.

"யாருபா அலசினது?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான்" என்றார். மாமன் போன பிறகு என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அந்தப் புடவையைக் கொட்டகை வாசலில் ஆணியடித்து மாட்டினார். ஒரு வருடம் அது அங்கேயே தொங்கியது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், போகும்போதெல்லாம் என் தலையில் உரசும். அந்த ஒரு வருடத்தில் நான் அலசல் பைத்தியமாகிவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து காலுறை ஆலையின் சாயப் பிரிவில் சேர்ந்தபோதும் அந்தப் பைத்தியம் கூடவே கப்பலேறி வந்தது. மேஸ்திரிக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

4

சில வருடம் வாடகை அறையில் மண்ணெண்ணெய் அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழ்ந்த பிறகு, சரோஜா வந்து சேர்ந்ததும், இந்த வீட்டை வாங்கினோம். சரோஜா மாகறல்காரி, விவசாயக் குடும்பம். எதையும் தேவையில்லாமல் நோண்ட மாட்டாள். நான் அதற்கு நேர் எதிர். குடியேறிய முதல் வாரமே பின்கதவுக் குழாயைத் திறந்து பார்த்தேன். மசி மாதிரிக் கறுப்பாகத் தண்ணீர் வந்தது.

போன வீட்டுக்காரனின் அழுக்கு என் வீட்டுச் சுவர்களில் ஓடிக்கொண்டிருக்கிறதா? முழுவதையும் வெளியே விட்டேன். நிரப்பினேன். விட்டேன். நிரப்பினேன். நாலாவது தடவை தெளிந்து ஓடியது. அன்றைக்குச் சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

அடுத்த மாதம் திறந்து பார்த்தால் மறுபடியும் கறுப்பு. மறுபடியும் நாலு அலசல். அதிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் எனக்கு அதுதான் வேலை.

"இன்னாங்க, மாசாமாசம் இதே ரோதனையா இருக்குது?" என்பாள் சரோஜா. "சூடு வந்தா போதாதா? அத்த இன்னாத்துக்குப் போயி கிண்டறீங்க?"

"உனுக்குத் தெரியாது. அழுக்கு ஊறிக்கினே இருக்குது, பாரு."

"ஊறுதுன்னா எங்கிருந்து ஊறுது?"

அப்போதே நான் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியிருக்கலாம். மாடி ரேடியேட்டர்களில் தினமும் காற்று அடைத்ததையும் நான் பெரிதாக நினைக்கவில்லை. வேலைக்குப் போகுமுன் திருகைத் திறந்து காற்றை விடுவது பல் துலக்குவது மாதிரி வழக்கமாகிவிட்டது.

5

மல்லிகா ஒரு பிப்ரவரியில், ஆறு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். என் ஒரு கையில் அடங்குகிற உடம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சரோஜாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தினமும் பால் எடுத்து, புட்டியில் ஊற்றி, துணியில் சுற்றி, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். அங்கே வாசலில் எந்தக் குழந்தை என்று கேட்பார்கள். இந்த ஊர் வழக்கப்படி என் பெயர்தான் குழந்தைக்கும் குடும்பப் பெயர். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை வாயால் சொல்லாதவள், அவர்கள் கொடுத்த அட்டையை நீட்டிவிட்டு நிற்பாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு குழந்தை போதுமான எடை ஏறியது. ஆனால் உடனே தர மாட்டார்களாம். ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குழந்தை படுக்கும் அறையில் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் சூடு எந்நேரமும் நிற்க வேண்டும். நின்றால் கையெழுத்து, இல்லாவிட்டால் குழந்தை அங்கேயே. மண்ணெண்ணெய் அடுப்பு கூடாது, புகை அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. இருந்த இரண்டு படுக்கையறைகளில் முன்னறை ஜன்னலில் காற்று விசில் அடிக்கும். அதனால் பின்னறைதான்.

திங்கட்கிழமை நர்ஸ் வருகிறார். சனிக்கிழமை நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்லவா வேண்டும்? பிள்ளை வருகிற வீட்டில் அழுக்குத் தண்ணீர் ஓடலாமா? நாலு அலசல் போதாது என்று ஆறு அலசல் அலசினேன். கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். குடிக்கலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னறை ரேடியேட்டர் கல்லாகக் குளிர்ந்து கிடந்தது. காற்றை விட்டேன், சூடேறியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் மேல்பாதி சில்லிட்டது. பக்கத்து வீட்டு மின்சார அடுப்பை வாங்கி வைத்தால் ஃபியூஸ் போய் வீடே இருண்டது.

நர்ஸ் வெப்பமானியைச் சுவரில் மாட்டிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் கால் மணி நேரம் நின்றார். ஐம்பத்தெட்டு. எனக்கு இங்கிலீஷ் தடுமாறிவிட்டது. "நாளைக்கு வெப்பம் வரும், இன்று அதற்கு உடம்பு சரியில்லை" என்கிற மாதிரி ஏதோ உளறினேன். அவர் கோபப்படவில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு, "வியாழக்கிழமை திரும்ப வருகிறேன். அன்றும் இப்படியே இருந்தால் நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

வேறு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சரோஜா தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

6

ஆலையில் பாய்லர் பார்த்துக்கொள்கிறவர் டாயல் என்று ஒரு ஐரிஷ்காரர். செவ்வாய்க்கிழமை மாலை வேலை விட்டதும் கருவிப் பையோடு என்னுடன் வந்தார். நேராகப் பின்னறை ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தார். மேலே, நடுவில், கீழே. நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். மேலேயும் சில், அடியிலும் சில், நடுவில் மட்டும் ஒரு சாண் அகலம் சூடு.

"எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை காற்றை விடுகிறாய்?"

"தினமும்."

"தினமும் புதுக் காற்று எங்கிருந்து வருகிறது?"

சரோஜா எப்போதோ கேட்ட அதே கேள்வி. அவர் தீப்பெட்டி கேட்டார். சரோஜா சாமி மாடத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். டாயல் திருகை மெல்லத் திறந்து, சீறி வருகிற காற்றுக்கு எதிரே குச்சியைக் கிழித்துக் காட்டினார். 'பப்' என்று ஒரு சத்தம். ரேடியேட்டரின் மூலையில் கற்பூரச் சுடர் அளவுக்கு நீலமாக ஒரு தீ நின்று எரிந்தது.

வாசற்படியில் நின்றிருந்த சரோஜா தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"காற்று எரியாது. இது இரும்பு அரிக்கும்போது உள்ளே உண்டாகிற வாயு" என்றார் டாயல். "தண்ணீரை மாற்றுகிறாயா?"

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "மாதாமாதம். தெளிகிற வரை."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். பிறகு சிறு பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். புதுத் தண்ணீரில் காற்று கலந்திருக்கும், அது இரும்பைத் தின்னும். அந்தக் காற்று தீர்ந்துபோன பிறகு பழைய தண்ணீர் இரும்பை ஒன்றும் செய்யாது. கறுப்பாக இருந்தாலும் அதுதான் நல்ல தண்ணீர். நீ மாதாமாதம் புதுத் தண்ணீர் ஊற்றி அரிப்பை முதலிலிருந்து ஆரம்பித்துவைத்திருக்கிறாய். சனிக்கிழமை ஒரே நாளில் ஆறு தடவை. வெளியே ஓடியது அழுக்கு இல்லை, உன் ரேடியேட்டர்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் சரோஜா.

அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். குறைத்துச் சொல்லியிருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் காட்டிக்கொடுக்காத அண்ணன் இங்கே இல்லை, நானே என்னைக் காட்டிக்கொடுத்தால்தான் உண்டு.

"அப்ப நீ அலசினது சாயம் இல்ல" என்றாள் மெதுவாக. "புள்ளைக்கு வெச்சிருந்த சூட்ட நீயே அலசி ஊத்திக்கினு இருந்தியாயா?"

அதுவரை என்னை அவள் நீ என்று சொன்னதில்லை. அந்த நீயும் அந்த யாவும் எனக்கு வேண்டியதுதான். நான் அங்கேயே, ஒரு அந்நியர் எதிரில், அழுதேன்.

டாயல் அதைப் பார்க்காதவர் போல ஸ்பானரை எடுத்தார். இருவருமாகப் பின்னறை ரேடியேட்டரைக் கழற்றித் தோட்டத்துக்குத் தூக்கிப் போனோம். ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சியதும் பனியின் மேல் கரிய சேறாகக் கொட்டியது. என் இரண்டு வருடச் சனிக்கிழமைகள். திரும்ப மாட்டி, நிரப்பி, துருப் பிடிக்காமலிருக்கக் கூரைத் தொட்டியில் ஒரு புட்டி மருந்து ஊற்றி, கீழிருந்து ஆரம்பித்து மாடி வரை ஒவ்வொன்றாகக் காற்றை விட்டோம். சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தவற்றின் வால்வைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்கினார். போகும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இனிமேல் இந்தத் தண்ணீரைத் தொடாதே."

7

புதன்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டிலும் இருக்க முடியவில்லை. தெருமுனை வரை நடப்பேன், திரும்பி வந்து ரேடியேட்டரைத் தொடுவேன். தண்ணீர் இப்போது என்ன நிறத்தில் இருக்கும் என்று கை நமைச்சல் எடுத்தது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு பார்த்தால் என்ன? சாவி வைக்கும் ஆணியில் சாவி இல்லை. "எனக்கு இன்னா தெரியும்?" என்று சரோஜா அன்றுதான் முதன்முதலாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை நர்ஸ் வந்தார். கோட்டைக் கழற்றினார். அதைப் பார்த்தபோதே பாதி உயிர் வந்தது. எழுபத்தொன்று. "அழைத்து வாருங்கள்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் வழக்கம் போல எந்தக் குழந்தை என்று கேட்டார்கள். அட்டையை எடுக்க நான் பையைத் துழாவினேன். சரோஜா காத்திருக்கவில்லை. "ஏகாம்பரம்" என்றாள். உரக்க, கடைசி எழுத்து வரை தெளிவாக. என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

8

அந்தப் பின்னறைதான் இன்று மல்லிகாவின் அறை. பள்ளியில் அவள் பெயர் மாலி. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். காஞ்சிபுரம் போகலாம் என்றால் அங்கே ரேடியேட்டர் உண்டா என்றுதான் முதல் கேள்வி. பெரியப்பா வீட்டில் வெயிலே ரேடியேட்டர்தான் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கோ ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் போல இருக்கும். ஊருக்கே திரும்பிவிடலாமா, வேறு வேலை பார்க்கலாமா, குறைந்தபட்சம் தண்ணீரையாவது மாற்றலாமா என்று. மற்றவற்றைப் பேசிக்கொண்டே இருக்கிறேன். தண்ணீரை மட்டும் மாற்றவில்லை.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தபோது பின்னறையிலிருந்து குரல் வந்தது. மேல்பக்கம் லேசாகச் சில்லென்று இருக்கிறதாம். வருடத்துக்கு ஒரு தடவை இப்படி ஆவதுண்டு. பித்தளைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காற்றுத் திருகைத் திறக்கிற வேறொரு சின்னச் சாவியோடு போனேன். பழக்கம் விடாமல் ஒரு தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன். எரியவில்லை. வெறும் காற்றுதான்.

மல்லிகா தானே திறப்பதாகச் சொன்னாள். சீறல் நின்றது. இரண்டு சொட்டுக் கறுப்புத் தண்ணீர் அவள் விரலில் விழுந்தது.

"சீ! இவ்வளவு டர்ட்டியா இருக்கு, ஏன் சேஞ்ச் பண்ணவே இல்ல?" என்று இங்கிலீஷும் தமிழுமாகக் கத்தினாள். என் பெண்தான், சந்தேகமில்லை.

கீழே சமையலறையில் கரண்டி விழுந்தது. "இன்னாது, தண்ணிய மாத்தறாரா?" என்று கேட்டுக்கொண்டே சரோஜா படியேறி வந்தாள். வழியில் படுக்கை மேல் திறந்து கிடந்த டின்னைப் பார்த்திருக்க வேண்டும். வாசலில் வந்ததும் அவள் கண் நேராக என் சட்டைப் பைக்குத்தான் போனது. சிவப்பு நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"மாத்தலம்மா" என்று மல்லிகாவிடம் சொன்னேன். "நீ ஆஸ்பத்திரியிலருந்து இந்த ரூமுக்கு வந்த பாரு, அன்னிக்கு உள்ள ஓடின தண்ணி இது. உனக்காகக் காஞ்ச தண்ணி. அதேதான் இன்னும் சுத்திக்கினு இருக்குது."

விரலைத் துடைக்கக் காகிதம் தேடிக்கொண்டிருந்தவள் நின்றாள். கறுத்த விரலைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு திருகை அவளே இறுக்கி மூடினாள்.

"அப்ப மாத்தாதப்பா" என்றாள். முழுக்கத் தமிழில்.

சரோஜா உள்ளங்கையை நீட்டினாள். பட்டையும் நூலுமாகச் சாவியை எடுத்து அதில் வைத்தேன்.